தந்தியும் தொலைபேசியும் வானொலியும் ஒன்றான வரலாறு

நம் ஊர் முதியவர்களைக் கேட்டால், செய்தி வந்து சேர்ந்த வழிகளைத் தனித்தனியே பெயர் சொல்லி எண்ணுவார்கள். கடிதம் தபாற்காரன் கொண்டுவருவது. தந்தி என்றால் பிரித்துப் படிக்குமுன்னரே வீட்டிலுள்ளோர் அழத் தொடங்கிவிடுவர். டெலிபோன் கந்தோர்களிலும் பெரிய கடைகளிலும் இருப்பது. றேடியோ பொழுதுபட்ட பின் திண்ணையிலிருந்து கேட்பது. படம் பார்க்க வேண்டுமாயின் தியேட்டருக்குப் போகவேண்டும். ஒவ்வொன்றுக்கும் வேறு கருவி, வேறு கட்டணம், வேறு உத்தியோகத்தர். இன்றோ பதினைந்து வயதுப் பிள்ளையின் கையிலுள்ள சிறு தொலைபேசி இவை அனைத்தையும் விழுங்கிவிட்டது. இஃது எவ்வாறு நேர்ந்தது, இதனால் காசு யார் கைக்குப் போயிற்று, வழியைத் திறக்கவும் மூடவும் வல்ல சாவி யாரிடம் சேர்ந்தது என்பவற்றை நம் நாட்டு நிகழ்ச்சிகளைக் கொண்டே பார்ப்போம்.

இலங்கையிலே தந்திக்கு முன்னர் புறா பறந்தது. ஐரோப்பாவிலிருந்து தபாற் கப்பல்கள் அக்காலத்தில் காலித் துறைமுகத்துக்கே வந்தன. அங்கே இறங்கிய செய்தியை முந்திக்கொண்டு கொழும்புக்குச் சேர்ப்பதற்காகச் ‘சிலோன் ஒப்சேவர்’ பத்திரிகை 1850 முதல் புறாக்களைப் பழக்கிப் பறக்கவிட்டது. 1858 இல் காலிக்கும் கொழும்புக்கும் இடையே தந்திக் கம்பி இழுக்கப்பட்டதும் புறாக்களுக்கு ஓய்வு கிடைத்தது. அதன் பின்னர்த் தொலைபேசி வந்தது. முதலில் தனியார் கொம்பனிகள் அதனைக் கொழும்பிலே நடத்தின. பின்பு அரசாங்கமே கையேற்றது. தபால், தந்தி, தொலைபேசி மூன்றும் நெடுங்காலம் ஒரே இலாகாவின் பொறுப்பில் இருந்தன. ஆகவே, தொடர்புகளின் ஒன்றிணைவு என்று இக்காலத்தார் புதிதாகப் பேசுவது ஒருவகையிற் பழைய கதையே. அன்று மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருந்தன, ஆனால் ஒரே கம்பியில் ஓடவில்லை.

வானொலியும் அந்தக் கூரையின் கீழேதான் பிறந்தது என்பதை இளைஞர் பலர் அறியார். 1921 இல் தந்தி இலாகாவின் தலைமைப் பொறியியலாளராக எட்வேட் ஹாப்பர் என்னும் ஆங்கிலேயர் வந்து சேர்ந்தார். முதலாம் உலகப் போரிலே பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிகளைக் கொண்டு ஓர் ஒலிபரப்பியைச் செய்து, கொழும்பு மத்திய தந்திக் கந்தோரின் சிற்றறை ஒன்றிலிருந்து இசைத்தட்டுப் பாட்டுக்களை ஒலிபரப்பிப் பார்த்தார். இந்தப் பரீட்சைகள் 1923 இல் தொடங்கின. 1925 டிசம்பர் 16 ஆந் திகதி கொழும்பு வானொலி முறையாக ஆரம்பமாயிற்று. இலண்டனிலே பி.பி.சி. தோன்றி அப்போது மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. ஒருவர் மற்றொருவருக்குக் கம்பிவழி அனுப்பும் செய்தி, ஒருவர் ஊர் முழுவதற்கும் காற்றுவழி சொல்லும் செய்தி ஆகிய இரண்டும் ஒரே மனிதரின் கைவேலையாயிருந்தன. இதனை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னே கடற்பேரலையைப் பற்றிப் பேசுமிடத்து இது தேவைப்படும்.

அந்த உறவு நீடிக்கவில்லை. வானொலி 1949 இல் ‘ரேடியோ சிலோன்’ ஆகவும் 1967 இல் கூட்டுத்தாபனமாகவும் தன் வழியே போயிற்று. 1980 இல் தபால் வேறு, தொலைத்தொடர்பு வேறு என்று இலாகா பிரிந்தது. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கச் சட்டத்தால் தொலைத்தொடர்பு கூட்டுத்தாபனமாயிற்று. 1996 இல் அது ஸ்ரீ லங்கா ரெலிகொம் என்னும் கொம்பனியாக மாறியது. 1997 இல் யப்பானிய நிறுவனமாகிய என்.ரி.ரி. அதில் நூற்றுக்கு 35 வீதப் பங்கை வாங்கிற்று. இதற்கிடையில் 1989 இல் செல்ரெல் கொம்பனி செல்லிடத் தொலைபேசியைக் கொண்டுவந்தது. இப்போது டயலொக் என வழங்குவது 1995 இல் சேவையைத் தொடங்கியது. இவ்வாறு அனுமதிப்பத்திரங்கள் பெருகின. பத்திரம் பெருகியதேயன்றி, சாதாரண வீட்டுக்காரர் தொலைபேசி இணைப்புக்கு மனுப் போட்டு ஆண்டுக்கணக்காகக் காத்திருந்த நிலை உடனே தீரவில்லை.

பழைய தொலைபேசி எவ்வாறு வேலை செய்தது என்பதைச் சற்று விளங்கிக்கொண்டால், பின்னர் வந்த பணக் கணக்கு எளிதில் விளங்கும். கல்முனையிலிருந்து ஒருவர் கொழும்புக்குப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பேச்சு முடியும்வரை ஒரு வழி முழுவதும் அந்த இருவருக்கே ஒதுக்கப்பட்டிருக்கும். அவர்கள் பேசினாலும் சரி, பேசாமல் விம்மிக்கொண்டிருந்தாலும் சரி, அவ்வழியை வேறொருவர் பயன்படுத்த முடியாது. ஆகையால் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று பார்த்துக் காசு வாங்கினார்கள். டிரங்க் கோல் எடுத்தவர்கள் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே பேசியது இதனாலேதான்.

இந்தக் கணக்கைக் குலைத்த யோசனை 1960களில் உருவாயிற்று. அமெரிக்காவில் போல் பாரனும் இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே முறையைக் கண்டனர். செய்தியைச் சிறு சிறு பொட்டலங்களாக நறுக்கி, ஒவ்வொன்றின் மேலும் விலாசம் எழுதி, இடமுள்ள வழிகளிலெல்லாம் அனுப்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் மீண்டும் கோத்துக்கொள்வதே அம்முறை. நூறு பேருடைய பொட்டலங்கள் ஒரே கம்பியில் அடுத்தடுத்து ஓடலாம். 1969 ஒக்டோபர் 29 ஆந் திகதி அமெரிக்காவிலே ‘ஆர்ப்பாநெற்’ வலையமைப்பில் முதற் செய்தி போயிற்று. பொட்டலத்தின் உள்ளே இருப்பது எழுத்தா, குரலா, படமா என்று கம்பி கேட்பதில்லை. தந்தியையும் தொலைபேசியையும் வானொலியையும் பிரித்து வைத்திருந்த வேலி அன்றே சாய்ந்துவிட்டது. சாய்ந்ததை உலகம் உணர முப்பது ஆண்டுகள் சென்றன.

நம் நாட்டிலே மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அபய இந்துருவ முதலானோரின் முயற்சியால் 1990களின் தொடக்கத்தில் கல்விமான்களிடையே மின்னஞ்சல் வழங்கலாயிற்று. 1995 இல் வர்த்தக முறையிலான இணைய சேவை வந்தது. அக்கால இணையம் தொலைபேசியின் முதுகில் ஏறிச் சவாரி செய்தது எனலாம். இணையத்தில் இருக்கும்போது வீட்டுத் தொலைபேசிக்கு எவரும் பேச முடியாது. இணையக் கொம்பனிக்கு ஒரு பற்றுச்சீட்டு, தொலைபேசி நிமிடங்களுக்கு இன்னொரு பற்றுச்சீட்டு. வழி ஒன்றாயிருந்தும் வியாபாரம் இரண்டாகவே இருந்தது.

அக்காலத்து முயற்சிகளுள் நாம் பெரிதும் மதிக்கத்தக்கது கொத்மலையில் நடந்ததாகும். அங்கே இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் சமூக வானொலி நிலையமொன்று இருந்தது. 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியுடன் அந்நிலையத்துக்கு இணைய இணைப்புக் கொடுத்தனர். கிராமத்தவர் தாம் அறிய விரும்புவதைக் கேட்டு அனுப்புவர். அறிவிப்பாளர்கள் இணையத்தில் அதனைத் தேடி, ஆங்கிலத்தில் இருப்பதைத் தம் மக்களின் மொழியில் வானொலி வழியாக விளக்குவர். கணினியைத் தொட்டறியாத கமக்காரனும் இணையத்தின் பயனை அடைந்தான். செலவழித்த பணம் சிறிது, சேர்ந்த பயன் பெரிது. பிற்காலத்தில் கோடிக்கணக்கில் கொட்டிச் செய்யப்பட்ட சில திட்டங்களைக் காட்டிலும் இதிலே புத்தி அதிகம் என்பது நமது எண்ணம்.

வியாபார முறையிலே ஒன்றிணைவைச் செய்து காட்டியவர்கள் யப்பானியர். ரெலிகொம்மில் என்.ரி.ரி. பங்கு வைத்திருந்த அதே காலத்தில், அதன் கிளையாகிய டொகொமோ 1999 பெப்ரவரி 22 ஆந் திகதி ‘ஐ-மோட்’ என்னும் சேவையைத் தொடங்கியது. கைத்தொலைபேசியிலேயே செய்தி, புகைவண்டி நேரம், வங்கிக் கணக்கு, படம் எல்லாம் கிடைக்கும். ஐரோப்பாவிலும் ‘வாப்’ என்ற பெயரில் இதனை ஒத்த சேவை வந்தது. ஆனால் அங்கே பழைய வழக்கப்படி நிமிடத்துக்குக் காசு வாங்கினர். பக்கம் மெல்ல மெல்லத் திறக்கும்வரை காசு ஓடிக்கொண்டேயிருந்தால் யார் பார்ப்பார்? டொகொமோவோ அனுப்பிய பொட்டலத்தின் எண்ணிக்கைக்கு மாத்திரமே காசு வாங்கிற்று. மேலும், வெளியார் நடத்தும் சேவைகளுக்குரிய கட்டணத்தையும் தொலைபேசிப் பற்றுச்சீட்டிலேயே சேர்த்து அறவிட்டு, நூற்றுக்கு 9 வீதத்தைத் தான் வைத்துக்கொண்டு மீதியை அவரவர்க்குக் கொடுத்தது. தொலைபேசிக் கொம்பனி சந்தைக்காரனாகவும் கணக்கப்பிள்ளையாகவும் மாறியது அங்கேதான். நம் நாட்டில் 2012 இல் டயலொக் தொடங்கிய ‘ஈஸி காஷ்’ முதலிய பணப் பரிமாற்றச் சேவைகள் அதே நெறியில் வந்தவை. றீலோட் போடும் கடையிலே பணமும் அனுப்பலாம் என்றானபோது, மணியோடரை நம்பியிருந்த தபாற் கந்தோரின் வேலையில் ஒரு பங்கு தொலைபேசிக்கு வந்து சேர்ந்தது. 1980 இல் பிரிந்து போனவர்கள் பின்வாசல் வழியாக மீண்டும் சந்தித்துக்கொண்டார்கள்.

இனி நம் கரையோரத்துக்கு மிக நெருங்கிய விடயத்துக்கு வருவோம். கல்முனைப் பகுதியிலே தமிழர் வீடாயினும் முஸ்லிம் வீடாயினும், சவூதி, குவைத், கத்தார் என்று ஒருவரையேனும் அனுப்பாத குடும்பம் அரிது. முன்னர் அவர்கள் கடிதத்தோடு ஒலிநாடாவிலே குரலைப் பதிந்து, ஊருக்கு வருபவர் கையில் கொடுத்தனுப்புவர். தாய் அதனைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பாள். பின்னர்க் கொமினிகேசன் கடைகள் வந்தன. சிறு மரக்கூண்டுக்குள்ளே தொலைபேசியும், சுவரிலே காசு காட்டும் மீற்றரும் இருக்கும். வெளிநாட்டிலிருந்து அழைப்பு வரும் நேரத்துக்காகக் குடும்பமாய்ப் போய்க் காத்திருப்பர். செலவில்லாமற் சேதி சொல்ல மக்கள் தாமே கண்டுபிடித்தது ‘மிஸ்ட் கோல்’. ஒருமுறை மணியடித்தால் சுகம், இருமுறை அடித்தால் நீ எடு என்று தம்முள் பேசி வைத்துக்கொள்வர். எந்தக் கொம்பனியும் விற்காத, எந்தக் கொம்பனியாலும் காசு வாங்க முடியாத சேவை அது.

வெளிநாட்டு அழைப்புக்கு ஏன் அவ்வளவு காசு? அழைப்பு எந்த நாட்டில் தொடங்கியதோ, அந்த நாட்டுக் கொம்பனி, போய்ச் சேர்ந்த நாட்டுக் கொம்பனிக்கு நிமிடக் கணக்கிற் பணம் செலுத்தும் உடன்பாடு உலகெங்கும் இருந்தது. இலங்கை போன்ற நாட்டுக்கு அஃது அந்நியச் செலாவணி. ரெலிகொம் நிறுவனத்துக்கு வெளிநாட்டு அழைப்பில் இருந்த தனியுரிமை 2002 இல் முடிவடைந்தது. போட்டி வந்தது, கட்டணம் இறங்கிற்று. 2004 இல் வெளிநாட்டு அழைப்புக்கள் மீது அரசாங்கம் ஒரு வரியையும் விதித்தது. ஆனால் வரி விதித்த கையோடு அழைப்பே வழி மாறத் தொடங்கியது. 2003 இல் ஸ்கைப், பின்னர் வைபர், இமோ, 2015 இல் வாட்ஸ்அப்பின் குரல் அழைப்பு என ஒவ்வொன்றாய் வந்தன. குரல் பொட்டலமாகிவிட்டது. பொட்டலத்துக்கு றியாத் எது, பாண்டிருப்பு எது? தூரம் என்ற கணக்கே கட்டணத்திலிருந்து மறைந்தது.

வளைகுடா அரசுகள் சில இதனை விரும்பவில்லை. சவூதி அரேபியா 2017 செப்ரெம்பரில் இணையவழி அழைப்புக்கான தடையைத் தளர்த்தியது. ஐக்கிய அரபு இராச்சியம் வாட்ஸ்அப் குரல் அழைப்பை நெடுங்காலம் தடுத்தே வைத்திருந்தது. ஆகவே நம் பெண்கள் பலர் எந்த நாட்டில் எந்தச் செயலி வேலை செய்யும் என்பதைத் தொலைத்தொடர்பு வல்லுநரைப் போல் அறிந்து வைத்திருந்தார்கள். பிள்ளையின் முகத்தைக் காண வேண்டுமென்ற தவிப்பு அவர்களுக்கு அதனைக் கற்பித்தது. மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. அழைப்புக்குக் கொடுத்த காசு முன்னர்க் கொழும்புக்கும் றியாத்துக்கும் இடையே பகிரப்பட்டது. இப்போது கம்பியும் கோபுரமும் போட்டவன் டேட்டாவுக்கு மாத்திரம் காசு பெறுகிறான். பேச்சை நடத்திவைப்பவனோ கலிபோர்ணியாவிலிருந்து காசே கேட்பதில்லை. யாரோடு யார் எப்போது தொடர்புகொள்கிறார் என்னும் விபரமே அவனுக்குச் செல்வம். 2014 இல் வாட்ஸ்அப்பை முகநூல் நிறுவனம் ஏறத்தாழ 1,900 கோடி டொலருக்கு வாங்கியது சும்மா அன்று.

வழிகள் பல இருந்தும் செய்தி வராமற்போன நாளொன்றை இக்கரையிலே எவரும் மறவார். 2004 டிசம்பர் 26 காலையில் சுமாத்திராவுக்கு அப்பால் பூமி அதிர்ந்தது. அலை நம் கரைக்கு வரும்வரை இடையிலே நேரம் இருந்தது. ஹவாயிலே பசுபிக் கடற்பேரலை எச்சரிக்கை நிலையத்தார் பூகம்பத்தைச் சில நிமிடங்களிலேயே கண்டுகொண்டனர். ஆனால் இந்து சமுத்திர நாடுகளில் யாருக்கு எப்படிச் சொல்வது என்ற ஒழுங்கு இருக்கவில்லை. கொழும்பிலே தொலைபேசி இருந்தது, தொலைக்காட்சி இருந்தது, வானொலி இருந்தது, இணையமும் இருந்தது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தியை ஏற்றிவிடும் சந்தி மாத்திரம் இல்லை. பாண்டிருப்பு, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது எனக் கரை நெடுகிலும் அன்று நடந்ததை இங்கே எழுத வேண்டியதில்லை. அம்பாறை மாவட்டத்திலே மாத்திரம் இறந்தோர் தொகை 10,000க்கு மேல். இலங்கையில் வேறெந்த மாவட்டத்திலும் இத்தனை உயிர் போகவில்லை.

2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டம் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு வழிவகுத்தது. 2009 இல் டயலொக் நிறுவனமும் மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் வேறொரு நிறுவனத்தோடு சேர்ந்து, கைத்தொலைபேசி வழியாக எச்சரிக்கை தரும் ஏற்பாடொன்றை அமைத்தன. இதன் நுட்பத்தை இளைஞர்கள் கவனிக்க வேண்டும். ஆபத்து வேளையில் எல்லாரும் ஒரே நேரத்தில் தொலைபேசியை எடுத்தால் வழி அடைபட்டுவிடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே குறுஞ்செய்தி அனுப்பினாலும் அந்த நெரிசலிற் சிக்கும். ஆனால் கோபுரம் ஒன்று, தன் எல்லைக்குள் உள்ள எல்லாத் தொலைபேசிகளுக்கும் ஒரே முறையில் ஒலிபரப்புப் போலச் செய்தியை விடுக்கவும் கூடும். எத்தனை பேர் பெற்றாலும் அதற்குச் சுமை ஒன்றே. தொலைபேசிக்குள்ளேயே ஒரு வானொலி! ஹாப்பர் துரை தந்திக் கந்தோரின் சிற்றறையில் தனியாகத் தொடக்கிவைத்த ஒலிபரப்பு, தந்தியின் வாரிசாகிய தொலைபேசிக்குள் மீண்டும் வந்து புகுந்துகொண்டது. 2012 ஏப்ரல் 11 ஆந் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் மறுபடியும் பெரும் பூகம்பம் நேர்ந்தபோது, கரையோர மக்களை விலகுமாறு அரசாங்கம் அறிவித்தது. மக்கள் விலகினர். அலை வரவில்லை. அன்றும் சாதாரண அழைப்புக்கள் நெரிசலிற் சிக்கின.

ஒரே வழியில் எல்லாம் வரும்போது நஞ்சும் அவ்வழியே வரும். கொழும்பிலுள்ள லேர்ன் ஏசியா ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஹெலானி கல்பாய 2012 அளவில் இந்தோனேசியாவில் ஒரு விந்தையைக் கண்டார். அங்கே பலர் தாம் இணையம் பாவிப்பதில்லை என்றனர், ஆனால் முகநூல் பாவிப்பதாகவும் கூறினர். அவர்களுக்கு முகநூலே ஊர், அதற்கு வெளியே தெரு இல்லை. நம்மவருட் பலரின் நிலையும் அதுவே. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில், முஸ்லிம் உணவுச்சாலை ஒன்றிலே உணவில் மலடாக்கும் மருந்து கலக்கப்படுகிறது என்ற வதந்தி மூண்டு, கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவில் இருந்தது வெறும் மாவுக் கட்டி என்று அரசாங்கப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். அவ்வறிக்கை வருமுன்னரே வதந்தி நாடெங்கும் ஓடி முடித்திருந்தது. மார்ச்சு மாதத்தில் கண்டிப் பகுதி எரிந்தது. முகநூல் நிறுவனம் தன் தளம் அவ்வன்செயலுக்கு இடமளித்தமைக்காக 2020 இல் மன்னிப்புக் கேட்டது.

அப்போது அரசாங்கம் செய்த காரியம் இன்னொரு பாடம். 2018 மார்ச்சு 7 ஆந் திகதி முகநூல், வாட்ஸ்அப், வைபர் முதலியவை நாடு முழுவதும் மூடப்பட்டன. வதந்தி பரப்பியவனுக்கு வழி அடைபட்டது மெய். அதே வேளை குவைத்திலிருந்து பிள்ளையோடு பேசும் தாய்க்கும் வழி அடைபட்டது. கெட்டிக்காரப் பொடியன்கள் வி.பி.என். போட்டு அரை மணியில் உள்ளே போய்விட்டார்கள், தாய்மாருக்கு அது தெரியாது. 2019 இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்களின் பின்னரும் மூடினர். 2022 ஏப்ரல் 3 ஆந் திகதி, நாட்டிலே பொருளாதார நெருக்கடியை எதிர்த்து மக்கள் தெருவில் இறங்கியபோதும் மூடினர். அன்று ஒருநாள் முழுவதும்கூட அது நிலைக்கவில்லை. முன்னாளில் வானொலியைத் தணிக்கை செய்தாலும் கடிதம் போகும், தந்தியை நிறுத்தினாலும் ஆள் மூலம் சொல்லியனுப்பலாம். அரசுக்குப் பல கதவுகள், பல பூட்டுக்கள். இப்போது ஒரு கட்டளைக் கடிதத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது.

கொம்பனிகளும் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டே வந்தன. செல்ரெல் பெயர்கள் சில மாறி, 2018 இல் ஹட்ச் நிறுவனத்தோடு சேர்ந்தது. சண்டெல் 2012 இலும், எயார்டெல் லங்கா 2024 இலும் டயலொக்கினுள் கரைந்தன. மொபிடெல் முன்னரே ரெலிகொம்மின் கைக்குள் போயிருந்தது. ஒரு காலத்தில் றீலோட் கடைப் பலகையில் ஐந்து நிறத்தில் தொங்கிய பெயர்கள் இப்போது மூன்றே.

1956 முதல் இந்நாட்டிலே வாழ்ந்த ஆர்தர் சீ. கிளார்க், 1945 இல் ஒரு பத்திரிகையில் எழுதிய கட்டுரையில், பூமியைச் சுற்றும் நிலையங்களிலிருந்து உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று கணக்கிட்டுக் காட்டியிருந்தார். வேறு வகையான, தாழப் பறக்கும் செய்மதிகள் மூலம் இணையம் தரும் ஸ்ராலிங்க் நிறுவனத்துக்கு 2024 இல் இலங்கை அனுமதிப்பத்திரம் வழங்கியது. அதற்கு ஊருக்குள் கம்பியும் வேண்டாம், கோபுரமும் வேண்டாம். ஆயினும் சேவை 2025 யூலையிலேதான் தொடங்கிற்று. தாமதத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று, வேண்டியபோது அரசாங்கம் அதனைக் கண்காணிப்பதற்குரிய ஏற்பாடு முதலில் அமைய வேண்டும் என்பதாகும்.